நீலிக் கண்ணீரும் அல்லி ராஜ்யமும்

‘இங்கென்ன அல்லி ராஜ்யமா நடக்கு?’ ‘அவ வடிக்கிறது நீலிக் கண்ணீருல்லா?’ கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்து வீடுகளில் இந்த இரண்டையும் கேட்காமல் ஒரு பெண் வளர்ந்திருக்க முடியாது. முன்னது அவள் முடிவெடுக்கும்போது வந்து விழும். பின்னது அவள் அழும்போது. ஆக, அதிகாரம் செய்தாலும் குற்றம், முறையிட்டாலும் குற்றம். நாட்டார் கதைகளில் வலிமையான பெண்களைத் தேடிப் பட்டியல் போடுகிற வேலை நம்மிடையே நடந்துகொண்டுதான் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் வரவேண்டிய இருவரின் பெயர்கள் எப்படி வசைச்சொற்களாயின என்பதைக் கேட்காமல் மேலே போக முடியாது என்று தோன்றுகிறது.

முதலில் அல்லி. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாக ஊர் ஊராகப் போன பிரதி. வியாச பாரதத்தில் அல்லி என்றொரு பெயரே கிடையாது. தமிழ்க் கதைசொல்லிகள்தாம் மதுரையை ஆளும் ஒரு பெண்ணை உருவாக்கி அர்ச்சுனனுக்கு எதிரே நிறுத்தினார்கள். அவளுக்கு ஆண் துணை வேண்டாம், ஆட்சி போதும். அவளது சம்மதத்தைப் பெற அர்ச்சுனனால் முடியவில்லை. கிருஷ்ணனின் துணையோடு பாம்பாக உருமாறி அரண்மனைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான்.

கதையாடலை இந்த இடத்தில் நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும். வில்லை வளைத்துத் திரௌபதியை வென்றவன், விழித்திருக்கும் அல்லியை வெல்ல முடியாமல் போனான் என்பதைப் பிரதியே ஒத்துக்கொள்கிறது. நியாயமாகப் பார்த்தால் நம் பேச்சில் ‘அர்ச்சுனன் தாலி’ என்றல்லவா ஒரு தொடர் உண்டாகியிருக்க வேண்டும்? உண்டானதென்னவோ ‘அல்லி ராஜ்யம்’. களவு மறந்துபோய், அவள் ஆண்டது மட்டும் கேலியாக மிஞ்சிவிட்டது.

இரண்டாவது, நீலி. தென்மாவட்டங்களில் அம்மன் கொடைகளில் பாடப்படும் இசக்கியம்மன் வில்லுப்பாட்டில் கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. தாசி குலத்துப் பெண் லட்சுமி, தான் நேசித்த பிராமணனை நம்பிப் பின்னாலேயே வருகிறாள். வழியில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். இவளும் தூங்கும்போதுதான் வீழ்த்தப்படுகிறாள்! கல்லைப் போட்டுக் கொன்று நகைகளை எடுத்துக்கொண்டு போகிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைத்துவிட்டு அவள் சாகிறாள். மறுபிறவியில் அதே கள்ளியின் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியாகப் பிறந்திருக்கும் கொலைகாரனைத் தேடி வருகிறாள். ‘இவன் என் புருஷன்’ என்று ஊர்ச்சபை முன்னால் அழுகிறாள். சபை அவளை நம்பி இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறது. விடிவதற்குள் அவன் பிணமாகிறான்.

திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூர் மரபில் அழுத்தம் வேறிடத்தில் விழுகிறது. செட்டியின் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தார்கள் என்பதே அங்கே பெருமை. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தமது திருவாலங்காட்டுப் பதிகத்தில் இவளை வஞ்சனையோடு சேர்த்துத்தான் நினைக்கிறார். பெண்ணின் கண்ணீரைச் சபை நம்பியது. எழுபது பேர் செத்தார்கள். ஆகவே இனி நம்பாதே! ‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் போதனை இதுதான். காவல் நிலையத்திலும் ஊர்க்கூட்டத்திலும் புகார் சொல்லி அழுகிற பெண்ணின் எதிரே இன்றும் வந்து நிற்பதும் இதுதான்.

ஆனால் நீலியை வேறு விதமாக வாசித்தவர்களும் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யை எழுதிய சமணக் கவிஞர், இதே பழையனூர்ப் பேயை அறம் கேட்கச் செய்து, பௌத்தர் முதலிய பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்லும் தர்க்கவாதியாக மாற்றினார். அவள் கையில் கத்தி இல்லை, வாதம் இருந்தது. அவரும் தம் சமயத்துக்காகத்தான் அவளை எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நம் வாசிப்புக்கு வருவோம். இசக்கியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாடிவிட்டால் போதுமா? உயிரோடிருந்தவரை நியாயம் கிடைக்காதவளுக்குச் செத்தபின் பீடமும் பொங்கலும் கிடைக்கின்றன. பிள்ளை வரம் கேட்டு அவளுக்குத் தொட்டில் கட்டுகிற அதே கை, வீட்டுக்கு வந்ததும் மருமகளின் கண்ணீரைத் தட்டிவிடுகிறது. தெய்வமாக்குவதும் வசையாக்குவதும் ஒரே ஊருக்குள் சண்டையில்லாமல் நடக்கின்றன; இரண்டிலுமே அந்தக் கொலை பேசப்படுவதில்லை. அல்லி விஷயமும் அப்படித்தான். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றிலொரு பங்கு இடங்கள் பெண்களுக்கு வந்தன. 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. பல ஊராட்சிகளில் தலைவியின் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கச் சொன்னால் ‘அல்லி ராஜ்யம்’ என்கிறான்.

நாயகிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கிற கதைகளில் மரபுத்தொடர்கள் வெட்டியெறிந்த பாதியைத் திரும்பச் சொன்னாலே போதும். அடுத்த முறை யாராவது ‘நீலிக் கண்ணீர்’ என்றால், ‘சரி, நீலி ஏன் செத்தா?’ என்று கேட்டு, கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லுவோம்.