தேர்வு இரவின் மாத்திரை

உங்களுக்குத் தெரியுமா?

கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் அடரால், ரிட்டலின் மாத்திரைகளை அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் அந்தக் குறைபாடே இல்லாத மாணவர்களும் தேர்வு நேரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவற்றைக் கொடுப்பது மருந்துச் சீட்டு வைத்திருக்கும் நண்பர்தான். 2011இல் டியூக் பல்கலைக்கழகம், சீட்டில்லாமல் படிப்புக்காக இவற்றை உட்கொள்வதைத் கல்வி மோசடிகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

பழக்கம் பழையது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியல் சோதனைக்குக் கொடுத்த பென்செட்ரின் என்ற ஊக்க மாத்திரை தூக்கத்தை விரட்டுவதை 1930களிலேயே மாணவர்கள் கண்டுகொண்டார்கள்.

சரி, மூளை கூர்மையாகிறதா? மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பேரிடம் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த புதிர் இது: ஒரு பை, அது தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை, ஒரு மதிப்பு. எவற்றைப் போட்டால் மொத்த மதிப்பு அதிகமாகும்? மாத்திரை போட்டபோது அவர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள். பொருள்களை உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதுமாக ஓயாமல் மாற்றினார்கள். ஆனால் அந்த உழைப்பில் யோசனை குறைந்திருந்தது. மாத்திரை இல்லாமல் சராசரிக்கு மேல் நின்ற பலர், மாத்திரையோடு சராசரிக்குக் கீழே இறங்கினார்கள்!

இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது தனி. இதைவிடக் கலங்க வைப்பது போலி மாத்திரைகள். அமெரிக்காவில் அசல் அடரால் போலவே செய்து விற்கப்படும் சிலவற்றில் மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளும், மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும் பென்டனிலும் இருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.