துருவை மூடுவதா, தகட்டை மாற்றுவதா?

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க எண்ணும் கனவான்கள் பெரும்பாலும் முதலில் கவனிப்பது அதன் மேல் வர்ணத்தை, அடுத்தபடி எஞ்சினை, கடைசியாகவே, அதுவும் காலடியில் ஈரம் தட்டிய பிறகே, அதன் அடித்தளத்தை. இந்த வரிசை தலைகீழானது. வர்ணம் மங்கினால் வண்டியின் அழகு குறையும். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். அடித்தளம் கெட்டாலோ ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, துருப்பிடித்த தளத்தை என்ன செய்வது என்பது சௌகரியத்தைப் பற்றிய கேள்வியன்று, பொறுப்பைப் பற்றிய கேள்வியாகும்.

ஆதி காலத்து மோட்டார்களில் இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. ஃபோர்டு கம்பெனியார் 1908 முதல் 1927 வரை செய்து வந்த மாடல் டி வண்டியில் பாரம் தாங்கியது தனியான எஃகுச் சட்டம். காலடியில் இருந்தவை வெறும் மரப்பலகைகள். பலகை உளுத்துப்போனால் தச்சனைக் கொண்டு வேறு பலகை போட்டால் போதும். பின்னர் வந்த வண்டிகளிலோ சட்டம் வேறு, மேனி வேறு என்ற பிரிவினை மறைந்தது. தகடுகளையே மடித்து, பெட்டிபோல இணைத்து, அந்தக் கூட்டையே பாரம் தாங்கச் செய்தனர். 1948-ம் வருஷம் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அத்தகையது. அதே பெயரில் பின்னர் வந்த வண்டி ஒன்றின் வழித்தோன்றலே, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்டு வந்த நமது அம்பாஸடர். இவ்வண்டியில் தளம் என்பது விரித்த பாய் அன்று. அது முதுகெலும்பின் ஒரு பகுதி. கதவுகளின் கீழே நீண்டு ஓடும் பெட்டிச் சட்டங்களும், குறுக்குச் சட்டங்களும், தளத் தகடும் ஒன்றையொன்று பற்றி நின்றால்தான் வண்டி வளையாமல் நிற்கும். ஆசனங்களும் அத்தளத்தின் பலத்தை நம்பியே பூட்டப்பட்டிருக்கின்றன.

துரு எங்கிருந்து வருகிறது? சாலையிலிருந்து தெறிக்கும் சேற்றுநீர் ஒரு காரணம். ஆனால் பெரிய விரோதி உள்ளேயே இருக்கிறான். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைநீர் இறங்குகிறது. தரை விரிப்பும் அதன் கீழுள்ள சணல் மெத்தையும் அந்நீரைக் குடித்து மாதக்கணக்கில் வைத்திருக்கின்றன. நீர் வடியவேண்டிய துவாரங்களோ புழுதியால் அடைபட்டுக் கிடக்கின்றன. கடற்கரைப் பட்டணமாயின் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேலும், துரு தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைப்பது. இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் அது புகுந்துவிட்டால் ஆப்பு வைத்ததுபோல் அவற்றைப் பிளக்கும். ஆகவே கண்ணுக்கு ஒரு சிறு துவாரம் தெரிந்தால், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தகடு மெலிந்திருக்கும் என்று சந்தேகிப்பதே விவேகம். விரிப்பை எடுத்துவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக முனகும். ஐயமிருந்தால் குத்தூசியை ஊன்றிப் பாருங்கள்.

இந்த நிலையில் நம்மிடையே வழங்கும் சிகிச்சை யாது? துவாரத்தின்மேல் ஒரு தகரத் துண்டை வைத்து ஆணியடிப்பது. விளிம்பைப் பட்டியால் பூசுவது. எல்லாவற்றின்மேலும் தார் தடவிக் கருமையாக்குவது. பார்வைக்குத் தளம் புதியதாகிவிடுகிறது. உண்மையில் நடப்பதென்ன? அரித்த தகட்டைப் பற்றிய ஆணி அரித்த தகட்டோடு சேர்ந்தே வெளிவரும். தாரின் கீழே சிறைப்பட்ட ஈரம் முன்னிலும் வேகமாகத் தன் வேலையைச் செய்யும். அத்தகைய வண்டியை விலைக்கு வாங்குபவன் வர்ணத்துக்கும் தாருக்கும் பணம் கொடுக்கிறானே தவிர எஃகுக்கு அல்ல. இதைப் பழுதுபார்த்தல் என்று சொல்வது பாஷைக்குச் செய்யும் துரோகமாகும்.

“அப்படியானால் உடைத்த வண்டியிலிருந்து ஒரு தளத்தை வெட்டிக் கொண்டுவந்து வைத்தாலென்ன?” என்று சிலர் கேட்கலாம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் உறுப்புகள் விற்பனையாவதை யாவரும் அறிவர். கதவு, விளக்கு, கைப்பிடி ஆகியவற்றுக்கு அம்முறை நன்று. ஆனால் தளம் அவ்வாறன்று. அதே வயதுடைய வண்டி அதே மழையில் நனைந்ததுதான். அதன் தளமும் அதே நோய்க்கு இரையாகியே இருக்கும். நல்லதாகக் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காதபோது, புதிய தகட்டிலிருந்து கையால் செய்துகொள்வதே வழி. அது நம்மவரால் செய்யக்கூடிய காரியமே.

முதலில் வெட்டுக்கருவியை எடுப்பவன் வண்டியைக் கெடுப்பான். முதல் வேலை அளவெடுப்பது. வண்டியைச் சமமான தரையில், வளையாதபடி தாங்கு கட்டைகளின்மேல் நிறுத்தி, கதவுகளின் இடைவெளிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, குறுக்கு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக் கூட்டைப் பிணைத்தல் அவசியம். அதன்பிறகும் இரு பக்கத் தளங்களையும் ஒரே சமயத்தில் வெட்டலாகாது; ஒரு பக்கத்தை முடித்தே மறுபக்கத்தைத் தொடவேண்டும். இல்லையேல் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எக்கதவும் ஒழுங்காகச் சாத்தாது. நெருப்பு வேலை தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையும் அதன் குழாயையும் அகற்றிவிடுதல் இன்றியமையாதது.

வெட்டும்போது துருவின் ஓரத்தில் நிற்கலாகாது. பளபளப்பான நல்ல எஃகு தோன்றும்வரை செல்லவேண்டும். பழைய தகட்டை எறிந்துவிடவும் கூடாது. அரித்திருந்தாலும் அதுவே புதியதற்கு மாதிரி. அதன் வடிவத்தை அட்டையில் எழுதி, அட்டையை வண்டியில் வைத்துத் திருத்தி, பின்னரே எஃகில் வரையவேண்டும். தகட்டின் கனத்தைப் பழுதற்ற இடத்தில் மைக்ராமீட்டரால் அளந்து அதற்கு ஒத்ததை வாங்குதல் முறை. இவ்வேலைக்குப் பெரும்பாலும் 20-ம் கேஜ் முதல் 18-ம் கேஜ் வரை, அதாவது சுமார் 0.9 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை கனமுள்ள மிருதுவான எஃகுத் தகடு பயன்படும். கனத்த தகடே பலம் என்று எண்ணுவது பிழை. கனம் மிகுந்தால் மடிப்பு இணங்காது. பக்கத்திலுள்ள மெல்லிய தகட்டைப் பற்றவைக்கும் சூடு துளைத்துவிடும்.

தளத்தில் காணும் நீண்ட புடைப்பு வரிகளை அலங்காரமென்று பலர் நினைக்கின்றனர். அவையே தளத்தின் பலம். வெறுந்தகடு மிதித்தால் மத்தளம்போல் ஒலித்து அமுங்கும். அதே தகட்டில் வரிகளை எழுப்பினால் விறைத்து நிற்கும். உருளைகளுக்கிடையே தகட்டைச் செலுத்தி வரி எழுப்பும் கையியந்திரம் உண்டு. அது இல்லாத பட்டறையில், கனத்த மரக்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை இறுகப் பூட்டி, சிறிது சிறிதாகத் தட்டி இறக்கலாம். பொறுமை ஒன்றே அதற்கு வேண்டிய மூலதனம்.

தகட்டைப் பொருத்துவதில் அவசரம் ஆகாது. தொழிற்சாலையார் புள்ளி புள்ளியாக இணைத்த இடங்களில் புதுத் தகட்டின் விளிம்பில் துவாரங்களிட்டு, அவற்றை உருகிய உலோகத்தால் நிரப்பி இணைத்தால் பழைய முறைக்கு ஒப்பாகும். விளிம்போடு விளிம்பு சேரும் இடங்களில் முதலில் இடைவிட்டுச் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, ஒரு பக்கம் ஆறும்போது மறுபக்கம் சென்று, சிறுகச் சிறுக இடைவெளிகளை நிரப்பவேண்டும். ஒரே மூச்சில் நெடுகப் பற்றவைத்தால் சூட்டினால் தகடு அப்பளம்போல் நெளியும். துத்தநாகம் பூசிய தகடாயின் இணைக்கும் இடத்தில் அப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுதல் அவசியம். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். முடிவில், மூட்டுகளை அடைத்து, துருத்தடுப்பு வர்ணம் பூசி, பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகு செலுத்தி, நீர் வடியும் துவாரங்களைத் திறந்து வைக்கவேண்டும். துவாரத்தை மறந்தவன் மறுபடியும் துருவுக்கு நிலம் பண்படுத்துகிறான்.

“இவ்வளவு சிரமமும் செலவும் ஒரு பழைய வண்டிக்காகவா?” என்ற ஆட்சேபம் எழலாம். 2021-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வகுத்த விதிகள், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்குத் தனிப் பதிவும் ‘வி.ஏ.’ என்ற தனி அடையாளமும் அளித்திருக்கின்றன. ஆனால் வண்டி தன் மூல உருவத்தில் பேணப்பட்டிருக்கவேண்டும், சட்டமும் மேனிக் கூடும் மாற்றியமைக்கப்படலாகாது என்பது நிபந்தனை. ஆகவே, பழைய தளத்தின் வரியும் மடிப்பும் கனமும் மாறாமல் செய்தல் வீண் பிடிவாதமன்று, அதுவே பேணுதல். மனம் போனபடி ஒரு தட்டைத் தகட்டைப் பொருத்துவது வேறொரு வண்டியைச் செய்வதாகும்.

வண்டி வைத்திருப்போருக்கு ஒன்று கூறுவோம். தளத்தின்மேல் விரிப்புப் போடுமுன் அதைக் கண்ணால் பாருங்கள். வேலை நடக்கும்போதே, வர்ணமும் தாரும் ஏறுவதற்கு முன் பாருங்கள். வெட்டிய தகட்டைக் காட்டும்படி கேளுங்கள். அதைத் தயங்காமல் காட்டும் டிங்கருக்குக் கூலியில் பேரம் பேசாதீர்கள். யாரும் காணாத இடத்தில் செம்மையாக வேலை செய்யும் கை கிடைத்தற்கு அரிது. அதற்குரிய மதிப்பைக் கொடாமல், மேலே மின்னும் வர்ணத்துக்கு மட்டும் அள்ளிக் கொடுப்போமானால், தார் பூசுகிறவர்களே பெருகுவார்கள். அவர்கள்மேல் குறைசொல்ல நமக்கு உரிமையிராது.