சுவா ஏரிக்கரையின் பிரதிக்ஞை

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த சுவா ஏரியின் அருகே, 1942-ல் கைக்கடிகார உறுப்புகள் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, இன்று அச்சு யந்திரங்களால் உலகெங்கும் அறியப்படும் எப்ஸன் ஸ்தாபனம், 2050-ஆம் ஆண்டுக்குள் தான் வெளிவிடும் கரியமில வாயுவைக் காட்டிலும் அதிகமாக அதைக் காற்றிலிருந்து நீக்கும் நிலையை எய்துவதாக வாக்களித்திருக்கிறது. இத்தகைய வாக்குகள் மலிந்துவிட்ட இந்நாளில், அவற்றுள் ஒன்றையேனும் நிறுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது பொதுஜனங்களுக்கு அவசியம்.

சொன்னதைச் செய்யும் சுபாவம் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நுண்ணிய உறுப்புகளைக் கழுவுவதற்குப் பயன்பட்டு வந்த குளோரோபுளோரோகார்பன் என்னும் ரசாயனம் ஓசோன் படலத்தை அரிக்கிறதென்று தெரிந்தபின், 1988-ல் அந்த ஸ்தாபனத்தின் அப்போதைய தலைவர் சுனேயா நகாமுரா அதை அறவே ஒழிப்பதென்று பிரகடனம் செய்தார். 1993-க்குள் உலகெங்கிலுமுள்ள அவர்களுடைய ஆலைகளில் அது ஒழிந்தும் போயிற்று. இது மனமாரப் பாராட்டத்தக்க சரித்திரம். ஆயினும், அன்று ஒழிக்க வேண்டியிருந்த பொருள் ஆலையின் மதில்களுக்குள் இருந்தது. இன்று ஒழிக்க வேண்டியதில் பெரும்பகுதி மதில்களுக்கு வெளியே இருக்கிறது.

சர்வதேசக் கணக்கு முறை ஒரு ஸ்தாபனத்தின் வாயு வெளியீட்டை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது. ஆலையில் எரிக்கும் எரிபொருளால் எழுவது முதற்பகுதி. விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பொருட்டு எங்கோ ஒரு மின்நிலையத்தில் எழுவது இரண்டாம் பகுதி. மூலப்பொருள்களை உண்டாக்குவோரிடத்திலும், அவற்றைச் சுமக்கும் கப்பல்களிலும், விற்ற யந்திரம் வாங்கியவர் வீட்டில் ஆண்டுக்கணக்காகச் செலவழிக்கும் மின்சாரத்திலும், கடைசியில் அது குப்பையாகும் இடத்திலும் எழுவதெல்லாம் மூன்றாம் பகுதி.

இரண்டாம் பகுதியில் எப்ஸன் துரிதமாகவே நடந்திருக்கிறது: 2021-ல் ஜப்பானிலும், 2023-க்குள் உலகெங்கிலும், தன் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேண்டிய மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. இத்தகைய அறிவிப்பு எந்த ஸ்தாபனத்திடமிருந்து வந்தாலும், கம்பி வழியே உண்மையில் வரும் மின்சாரத்தின் தன்மை என்ன, ஒப்பந்தத்தாலும் சான்றிதழாலும் பெற்றது எவ்வளவு என்ற இரு கணக்குகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பரீட்சை கடுமையாவது மூன்றாம் பகுதியில்தான். அதற்காக எப்ஸன் 2025-க்கு வைத்த இலக்கு, 2017-ஐ அடிப்படையாகக் கொண்டு, தொழில் லாபத்தின் ஒவ்வோர் அலகுக்கும் இவ்வளவு என்ற விகிதத்தில் 44 சதவீதம் குறைப்பது. லாபம் பெருகினால், காற்றில் சேரும் வாயு எடையில் சிறிதும் குறையாமலே இவ்விகிதம் இறங்கிவிடக்கூடும் என்பதால், இதனை நான் பலவீனமான அளவுகோல் என்றே கருதுகிறேன். 2030-ஐக் குறித்துப் பேசும்போது, வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் பாதைக்கு இசைய மொத்த வெளியீட்டையே குறைப்பதாக அவர்கள் சொல்வது இதனினும் நேர்மையான அளவு.

சொற்களைவிட எனக்கு நம்பிக்கை தருவது, 2022-ல் அவர்கள் செய்த வேறோர் அறிவிப்பு. லேசர் அச்சு யந்திரம் பொடி மையைச் சூட்டினால் உருக்கித் தாளில் ஒட்டவைப்பது. அதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். எப்ஸனின் மை தெளிக்கும் யந்திரமோ, மின் அழுத்தம் பட்டதும் நெளியும் நுண்ணிய உறுப்பினால் திரவ மையைத் துளித்துளியாக உந்துவதாதலால், துளியை உந்த அங்கே சூடு தேவையில்லை. ஆகவே, லேசர் யந்திரங்களை விற்பதை 2026-க்குள் உலகெங்கும் நிறுத்திவிடுவதென்று தீர்மானித்தார்கள். தன் யந்திரக் கலைக்கு அனுகூலமான முடிவுதான் எனினும், விலைபோகும் ஒரு சரக்கைக் கைவிடுவது மூன்றாம் பகுதியையே நேரே தொடும் காரியம். தாளுக்காக வெட்டப்படும் மரமும், தாள் ஆலை செலவிடும் எரிபொருளும் இதனால் குறைவதில்லை என்பதையும் மறக்கலாகாது.

அலுவலகங்களுக்கு அச்சு யந்திரம் வாங்கும் பொறுப்புடைய அன்பர்கள், எந்த ஸ்தாபனமாயினும், அதன் மூன்றாம் பகுதியின் மொத்த டன் கணக்கை, விகிதமாக அல்லாமல் எடையாகவே, ஆண்டுவாரியாகக் கேட்டுப் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.