நோய் வீடும் அயல் வீடும்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே ஒருவர் இறந்துவிட்டால், அவ்வீட்டார் எவரையும் உதவிக்கு அழைக்க வேண்டியதில்லை. செய்தி பரவிய சிறிது நேரத்துக்குள்ளே முற்றத்திலே பந்தற்கால் நடப்படும். ஒருவர் கதிரைகளைக் கொண்டு வருவார்; இன்னொருவர் வெளியூர் உறவினருக்குத் தகவல் அனுப்புவார்; வேறொருவர் விறகு தேடுவார். அவ்வீட்டிலே அடுப்பு மூட்டலாகாது என்பதனால், அயல் வீட்டுப் பெண்கள் தேநீரும் உணவும் கொண்டு வருவர். எட்டுச் செலவு முதல் 31ஆம் நாள் அந்தியேட்டி வரை, யார் எதனைச் செய்வது என்பது எழுதாச் சட்டமாகவே நிலைபெற்றுள்ளது. துக்கத்தினாலே கை சோர்ந்த குடும்பத்தைத் தாங்குவதற்கு முன்னோர் செய்து வைத்த சிறந்த ஏற்பாடு இஃதாகும்.

ஆனால், அதே மனிதர் இறப்பதற்கு முன்னர் நோய்ப்பாயிலே கிடந்த மாதங்களுக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. அயலார் ஒருமுறை வருவர். தோடம்பழமும் மாப்பேணியும் கொடுத்துச் செல்வர். பின்னர், என்ன பேசுவது என்று அறியாத கூச்சத்தினாலே படலையைக் கடந்து போய்விடுவர். செத்த வீட்டுக்குக் கூட்டம் கூடுகின்றது; சாகின்றவரின் வீடோ தனித்து நிற்கின்றது.

இதற்குக் காரணம் உண்டு. 1946ஆம் ஆண்டளவிலே இலங்கை மக்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 43 ஆண்டுகளே. காய்ச்சலும் வயிற்றோட்டமும் மனிதரைச் சில நாள்களிலே கொண்டு சென்ற காலம் அது. அக்காலத்து வழக்கங்கள் இறப்பின் பின்னர் வரும் துயரத்தையே பெரிதும் கருத்திற் கொண்டன. இன்று சராசரி ஆயுள் 75ஐத் தாண்டியுள்ளது. புற்றுநோய், சிறுநீரக நோய், இதய நோய் ஆகியன மனிதரை மெல்ல மெல்லவே கொண்டு செல்கின்றன. சாவு நீண்டுவிட்டது, வழக்கமோ அதற்கேற்ப நீளவில்லை.

உதாரணமாக ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்ளலாம். தந்தையார் இளைப்பாறிய தபாலதிபர். இந்நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோய் அவரைப் பற்றியுள்ளது. நெடுங்கால வெற்றிலைப் பழக்கம் அதற்கு ஏதுவாயிற்று. சத்திர சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் செய்யப்பட்டன. ஓராண்டின் பின்னர் நோய் மீண்டும் தோன்றுகின்றது. நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கு இனி இடமில்லையென்றும், வீட்டிலே வைத்துப் பராமரிக்கலாம் என்றும் வைத்தியர் மூத்த மகனிடம் கூறுகின்றார். மகனுடைய செவியிலே விழுவதோ, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது மாத்திரமே.

அன்றிரவு அடுக்களையிலே ஒரு தீர்மானம் நிறைவேறுகின்றது. "அப்பாவுக்கு ஒருதரும் சொல்லாதேயுங்கோ" என்கிறார் மகன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் கடைசி மகளுக்கும் சொல்லாது விடுகின்றனர். மறுநாட் காலையிலே தந்தையார், "டொக்டர் என்ன சொன்னவர், பிள்ளை?" என மூத்த மகளைக் கேட்கின்றார். "புண் ஆற இன்னும் கொஞ்ச நாள் செல்லுமாம் அப்பா" என்று அவள் சொல்கின்றாள். அவர் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொள்கின்றார். தமது உடலின் நிலையை அவர் அறியாதவரல்லர். மனைவி தாங்கமாட்டாள் என்று அவரும் மறைக்கின்றார். இவ்வாறு ஐவர் ஒரே உண்மையை அறிந்தும், ஒருவருக்கொருவர் அஞ்சி, ஒரே கூரையின் கீழ் ஐந்து தனியறைகளிலே வாழ்கின்றனர்.

அன்பினாற் பிறந்த இம்மறைப்பு அன்பின் வேலையைச் செய்வதில்லை. சிக்காகோ நகரிலே மரணத்தை நெருங்கிய நோயாளருடன் உரையாடி, 1969ஆம் ஆண்டு அதுபற்றி நூலொன்றை வெளியிட்ட எலிசபெத் கூப்ளர் ரொஸ் என்னும் வைத்தியர், பிறர் சொல்லாவிடினும் நோயாளர் பெரும்பாலும் தம் நிலையை உணர்ந்தேயிருந்தனர் என்று கண்டார். உண்மையை ஒரே மூச்சில் தலையிற் போடுதல் வேண்டுமென்பது இதன் பொருளன்று. நோயாளி எதனை அறிந்துள்ளார், எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதனை முதலிற் கேட்டறிதல் வேண்டும். "உங்களுக்கு என்னமாதிரி இருக்கு அப்பா? என்ன யோசிக்கிறீங்கள்?" என்ற கேள்வியே கதவைத் திறந்துவிடும். அவர் பேச விரும்பினாற் பேசட்டும்; விரும்பாவிடின் கதவு திறந்தேயிருக்கட்டும். காணி உறுதி எங்கே இருக்கின்றது, யாருக்குக் கடன் தீர்க்க வேண்டும், பேச்சு வார்த்தையற்ற தம்பியை அழைப்பதா என்பனவற்றை அவர் சொல்லிச் செல்வதற்கு வேறு வழியில்லை. பிள்ளைகளும் வீட்டின் குசுகுசுப்பிலிருந்து உண்மையிலும் கொடியதைக் கற்பனை செய்வர். எளிய சொற்களிலே உண்மையைக் கூறி, இது எவருடைய குற்றமுமன்று என்று தெளிவித்தலே அவர்க்குத் துணையாகும்.

அடுத்தது, "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல். இச்சொல் பிழையானது. இதனை மறுப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1918ஆம் ஆண்டிலே பிறந்த அவர் முதலிலே தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூகசேவையாளராகவும் பணிபுரிந்து, இறுதியில் 1957ஆம் ஆண்டு வைத்தியராகத் தேறினார். 1967ஆம் ஆண்டு லண்டனிலே சென் கிறிஸ்தோபர் நிலையத்தை நிறுவினார். உடல் நோவோடு மனக்கலக்கம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய வினா ஆகியனவும் பின்னிக் கிடப்பதை அவர் கண்டு, அதனை முழுமையான நோவு என்றார். நோயை நீக்க இயலாதபோதும் நோவை நீக்கலாம் என்பதே அவர் தொடங்கிய இயக்கத்தின் அடிப்படை. நோய்தணிப்புப் பராமரிப்பு என இன்று வழங்குவது இதுவேயாகும்.

நோவைத் தணிப்பதிலே மோர்பின் என்னும் மருந்து முதன்மையானது. 1986ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்குரிய வழிமுறையை வெளியிட்டது. அதன் சாரத்தை மூன்று விதிகளாகச் சுருக்கலாம்: இயன்றவரை ஊசியாலன்றி வாய் வழியே மருந்து கொடுத்தல், நோவு வந்த பின்னரன்றி மணிக்கணக்குத் தவறாது கொடுத்தல், மென்மையான மருந்திலிருந்து வலிய மருந்துக்குப் படிப்படியாகச் செல்லுதல். சாதாரண மோர்பின் பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும். பல வீடுகளிலே இவ்விதி மீறப்படுகின்றது. "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, கூடக் குடிச்சாற் பழகிப் போடும்" என்று குளிசையை ஒளித்து வைப்போர் உளர். வைத்தியரின் மேற்பார்வையிலே நோவுக்காக அளவோடு கொடுக்கப்படும் மோர்பின் நோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவது அரிது. அது மரணத்தை விரைவுபடுத்துவதுமில்லை. முதற் சில நாள்களிலே தூக்கம் வரும். பின்னர் அது குறையும். மலச்சிக்கல் ஏறத்தாழ எவருக்கும் உண்டாகுமாதலால், அதற்குரிய மருந்தையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

உணவு பற்றிய போராட்டம் மற்றொன்று. "ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று தாயார் கரண்டியுடன் நிற்பார். கணவர் முகத்தைத் திருப்புவார். அவர் அடுக்களையிலே சென்று அழுவார். இறுதி வாரங்களிலே உடல் உணவை ஏற்கும் ஆற்றலை இழக்கின்றது. உண்ணாமையினால் நோய் முற்றவில்லை. நோய் முற்றியமையினாலேயே உண்ண இயலவில்லை. வற்புறுத்தி ஊட்டினாற் புரையேறும்; மூச்சடைக்கவும் கூடும். அந்நிலையிலே உதட்டையும் நாவையும் ஈரத் துணியால் நனைத்தல், வாயைத் துப்புரவாக வைத்திருத்தல், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கைப் புண் வராமற் காத்தல், கையைப் பிடித்துக்கொண்டு அருகே இருத்தல் ஆகிய இவையே ஊட்டலாகும். இறுதி நாள்களிலே கைகால் குளிரும்; மூச்சு விட்டு விட்டு வரும்; தொண்டையிலே கரகரப்பு எழும். அவ்வொலி கேட்போரை வருத்துமளவுக்குப் பெரும்பாலும் நோயாளியை வருத்துவதில்லை. செவிப்புலன் நெடுநேரம் நிலைத்திருக்கக்கூடும் எனக் கருதப்படுவதால், கட்டிலருகே செத்த வீட்டுச் செலவு பற்றிக் கதைத்தல் தகாது; சொல்ல வேண்டிய அன்பை அவர் செவியிலே சொல்லலாம்.

இத்தனையையும் ஒரு குடும்பம் தனித்துச் செய்தல் இயலுமா? இயலாது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளிலேயே இப்பாரம் வீழ்கின்றது. இரவிலே மூன்று மணி நேரமும் உறங்காத மனைவி, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்பார். சில வேளைகளிலே, "இது எப்போது முடியும்" என்ற எண்ணம் அவருக்குத் தோன்றும். தோன்றியமைக்காகத் தம்மைத் தாமே வெறுப்பார். அது களைப்பின் குரலேயன்றி அன்பின்மையன்று என்று அவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அயலாரின் உதவி இங்கேதான் வேண்டப்படுகின்றது. இதற்கு அண்டை நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1993ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டிலே ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய வைத்தியர்களும் தொண்டர்களும் சேர்ந்து நோவு, நோய்தணிப்புப் பராமரிப்புச் சங்கமொன்றை அமைத்தனர். வைத்தியசாலையின் எல்லைக்குள்ளே நில்லாது அவ்வியக்கம் ஊர்களுக்குள்ளே பரவிற்று. பயிற்சி பெற்ற அயலவரே நோய் வீடுகளுக்குச் சென்று உதவலாயினர். தாதியரும் வைத்தியரும் அவர்க்குத் துணை நின்றனர். 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

இலங்கையிலும் விதைகள் இல்லாமலில்லை. மகரகமையிலே இறுதிநிலை நோயாளர்க்கென இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் சாந்த செவன என்னும் இல்லத்தை நிறுவியது. 2011ஆம் ஆண்டு தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சென்று திரட்டிய நிதி, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவிற்று. நாடு முழுவதும் சேர்ந்து ஒரு வைத்தியசாலைக்காக நடக்க முடியுமாயின், ஓர் ஒழுங்கையிலுள்ள பத்து வீடுகள் ஒரு நோய் வீட்டுக்காகச் சில அடிகள் நடக்க முடியாதா?

செய்ய வேண்டியவை பெரியனவல்ல. "ஏதும் தேவையெண்டாற் சொல்லுங்கோ" என்று கூறிப் போதல் உதவியன்று. கேட்பதற்குக் கூசும் குடும்பம் ஒருபோதும் கேளாது. "செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் மூன்று மணிக்கு நான் வந்து அண்ணையோடை இருக்கிறன், நீங்கள் படுத்தெழும்புங்கோ அக்கா" என்பதே உதவி. ஒருவர் மருந்து எடுத்து வரலாம். ஒருவர் வைத்தியசாலைப் பயணத்துக்கு வாகனம் ஒழுங்கு செய்யலாம். பக்கத்து வீட்டு ஆசிரியை பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைத் தம் வீட்டு மேசையிலே படிக்க வைக்கலாம். நோயாளியோடு கதைக்கும்போது நோயைப் பற்றியே கதைக்க வேண்டுவதில்லை. தபாற் கந்தோர்க் காலத்துக் கதைகளையும், கோயில் திருவிழாவையும், மழை பெய்ததையும் அவர் இன்னும் கேட்க விரும்புவார். அவர் சாகின்றவர் மாத்திரமல்லர். சாகும்வரை அவ்வூர் மனிதர்.