"போதும் பொண்ணு" மலை ஏறுகிறாள்!

முதல் குழந்தை பெண். அடுத்ததும் பெண். மூன்றாவதும் பெண்!

"போதும்!" என்றாள் பாட்டி. குழந்தைக்கு அதுவே பெயராகி விட்டது.

"போதும்பொண்ணு" என்ற பெயர் மதுரை, தேனி மாவட்டங்களில் புதிது அல்ல. வடக்கே திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் "வேண்டாம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் அடுத்த குழந்தை ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. தம்பி பிறந்தானோ, இல்லையோ! பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் ஆசிரியை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெண்ணும் எழுந்து நின்று, "உள்ளேன் அம்மா" என்பாள்.

இப்படிப்பட்ட பெண்களும், நல்ல பெயர் இருந்தும் வீட்டில் "கறுப்பி", "தண்டச்சோறு" என்று ஏச்சு வாங்கும் பெண்களும், ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் போர்வையும் கம்பளிச் சட்டையுமாகக் கோடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள்.

எதற்காக? இரண்டு நாள் தியானத்துக்காக!

தியானம் என்றால் என்ன?

கிறிஸ்தவர்களிடையே இது பழைய வழக்கம். அன்றாட வேலையை விட்டு விலகி, அமைதியான இடத்தில் சில நாள் தங்கி, ஜெபிப்பதும் தன்னைத் தானே எண்ணிப் பார்ப்பதும்தான் தியானம். ஸ்பெயின் நாட்டில் போர்வீரராக இருந்து துறவியான இக்னேஷியஸ் 16-வது நூற்றாண்டில் இதற்கு ஒரு முறை வகுத்தார். அவர் தொடங்கிய இயேசு சபைக் குருமார்கள், கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் செண்பகனூரில் 1895-ம் ஆண்டில் மடம் அமைத்தார்கள்.

அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1845-ல், மதுரை அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டி விட்டார்கள். சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் குடும்பத்தோடு மாண்டு கொண்டிருந்தவர்கள் அவர்கள். சுமார் 7,000 அடி உயரத்தில் அவர்களுக்கு உயிர்ப் பிச்சை கிடைத்தது. அந்த நாளில் மோட்டார் ரோடு ஏது? மலையடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் தூக்கிய நாற்காலியிலோதான் ஏற வேண்டும்.

ஆக, உடம்பைத் தேற்றிக் கொள்ள வந்த ஊர், மனதைத் தேற்றிக் கொள்ளும் ஊராகவும் ஆயிற்று.

முதல் இரவு

தியானத்தை நடத்துவது எளிது என்று நினைக்கக் கூடாது. பெண்களை உட்கார வைத்து, "நீ அழகானவள், நீ அறிவானவள்" என்று சொல்லி அனுப்பி விடலாம். அந்தப் பேச்சு பஸ் வத்தலக்குண்டு போய்ச் சேருவதற்குள் கரைந்து விடும்! வீட்டில் பதினைந்து வருஷமாகக் கேட்ட ஏச்சை இரண்டு நாள் புகழ்ச்சியா அழித்து விடும்?

அனுபவமுள்ள அக்காமார்கள் முதல் இரவில் அதிகம் பேசுவதில்லை. சுடச்சுடக் காபி கொடுப்பார்கள். செல்போன்களை வாங்கி வைப்பார்கள். பிறகு எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "உனக்கு இந்தப் பெயரை வைத்தது யார்?"

சிரிப்பும் கும்மாளமுமாகத் தொடங்கும். தாத்தா பெயர், சினிமா நடிகை பெயர், வேதாகமப் பெயர் என்று வரிசையாக வரும். "போதும்பொண்ணு"வின் முறை வரும்போது அறையில் சத்தம் அடங்கி விடும். அந்த நேரத்தில் அக்கா என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது. ஆறுதல் சொல்ல அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். இதைக் கற்றுக் கொள்ளவே பலருக்கு வருஷங்கள் ஆகின்றன.

சனிக்கிழமை காலையில் வேதாகமத்தைத் திறப்பார்கள். பதினெட்டு வருஷம் கூனி நடந்த ஒரு பெண்ணின் கதை லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இருக்கிறது. இயேசு அவளைக் கூட்டத்தின் நடுவே அழைத்து நிமிர வைத்தார். அதோடு விடவில்லை. அவளை ஆபிரகாமின் மகள் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கூனல் நிமிர்ந்தது ஓர் அற்புதம் என்றால், அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை அப்படி அழைத்தது இன்னோர் அற்புதம்!

மலையில் மறைந்த டாக்டர் அம்மாள்

மாலையில் குளிர் இறங்கும். அப்போது சொல்ல ஏற்ற கதை இந்த மலையிலேயே இருக்கிறது. வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை! அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும், 1960-ம் ஆண்டு மே மாதத்தில் தமது 89-வது வயதில் கண் மூடியதும் கோடைக்கானலில்தான். "ஹில் டாப்" என்பது அவர் வீட்டின் பெயர்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தகப்பனாரும் மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் துளியும் ஆசை இல்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே சுகமாக வாழ எண்ணியவர். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்து விட்டுத் திரும்பி விடலாம் என்பது நினைப்பு.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர் நின்றார். அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடா உதவிக்கு வர வேண்டும் என்றார். தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அன்னிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதா? வந்தவர் திரும்பிப் போய் விட்டார்.

மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில்.

மூன்றாவது முறையும் ஒருவர் வந்தார். அவரும் வெறுங்கையோடு போனார்.

பொழுது விடிந்தது. தெருவில் பறைச் சத்தம் கேட்டது. விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்து விட்டார்கள்!

மூன்று வீடுகளிலும் கணவன்மார் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. நடு ராத்திரியில் உதவி தேடி ஓடி வந்தவர்கள்தான். இருந்தும் வழக்கம் பெரிதாகி, மூன்று உயிர்கள் போயின. இந்த இடத்தில் சற்று நிறுத்தினால், கேட்கும் பெண்களில் யாராவது ஒருத்தி தன் ஊர்க் கதையை எடுத்து விடுவாள்.

ஐடா அமெரிக்கா போனார், டாக்டருக்குப் படிக்க! 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அந்த ஒரு கட்டிலிலிருந்து வளர்ந்ததுதான்.

பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, படிக்கப் பெண்கள் வருவார்களா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 1918-ல் பள்ளி திறந்தது. முதல் வகுப்பில் 17 பெண்கள் சேர்ந்தார்கள். சிலர் இடையில் நின்று விட, 14 பேர் முதல் பரீட்சைக்குப் போனார்கள். ஆண்கள் பள்ளிகளிலிருந்து எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூர்ப் பெண்களோ 14 பேரும் தேறினார்கள்!

இன்னொரு வேடிக்கை. ஐடா அம்மையார் டென்னிஸ் பைத்தியம். 65-வது வயதில் ஒரு போட்டியில், எதிரே ஆட வேண்டிய சின்னப் பிள்ளை, "எனக்குக் கிழவி வந்து மாட்டினாள்" என்று முணுமுணுத்ததாம். அது அவர் காதில் விழுந்து விட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒரு கேம் கூட விட்டுக் கொடுக்காமல் அடித்தார் என்று அவருடைய கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் பெண்கள் கை தட்டாமல் இருக்க மாட்டார்கள்.

ரகசியம் காக்கலாமா?

சனிக்கிழமை இரவில்தான் உண்மைகள் வெளியே வரும். ஒருத்தி அக்காவின் பக்கத்தில் வந்து உட்காருவாள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்பாள்.

சத்தியம் செய்யக் கூடாது!

உறவுக்காரரோ, தெரிந்தவரோ தவறாக நடந்தார் என்று சிறுமி சொன்னால், ஜெபம் செய்து அனுப்பி விடுவது போதாது. அதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும். "உன்னைக் காப்பாற்றக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்" என்று அக்கா முதலிலேயே சொல்லி விட வேண்டும். அதைக் கேட்டு வாயை மூடிக் கொள்ளும் பெண்ணும் உண்டு. ஆனால் பொய்ச் சத்தியம் செய்து கதையைக் கேட்டு, பிறகு அதை மீறினால், அந்தப் பெண் அப்புறம் யாரைத்தான் நம்புவாள்?

ஞாயிற்றுக்கிழமை

விடியற்காலையில் கோக்கர்ஸ் வாக் நடைபாதைக்கு அழைத்துப் போவார்கள். மேகம் விலகினால் கீழே சமவெளி தெரியும். உசிலம்பட்டி வட்டாரம் அந்தப் பக்கத்துச் சமவெளியில்தான் இருக்கிறது. பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கொடுமையால் 1980-களில் நாடெங்கும் பேசப்பட்ட பூமி அது. தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் கொண்டு வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. இருந்தும், 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே.

அங்கே நின்று அக்கா பிரசங்கம் செய்வதில்லை. கீழே தெரிவது எந்த ஊர் என்று காட்டுவார். அவ்வளவுதான். காற்று சில்லென்று அடிக்கும். பெண்கள் ஒருவர் போர்வைக்குள் ஒருவர் ஒட்டி நிற்பார்கள்.

ஆராதனை முடிந்த பிறகு ஆளுக்கொரு கடிதத் தாள் கொடுக்கப்படும். ஒவ்வொருத்தியும் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதினாள் என்று யாரும் பார்ப்பதில்லை. உறையை ஒட்டி, மேலே தன் பெயரையும் விலாசத்தையும் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காமார்கள் அதை ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு தபாலில் போடுவார்கள்.

சாப்பாடு ஆனதும் பஸ் கிளம்புகிறது. வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றுகிறது. மீதிப் பேர் பாடுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் அந்தக் கிராமத்துக்கு வருவார். அப்பாவுக்கு பாங்கிக் கடிதம் வரும், தம்பிக்குப் பள்ளிக்கூடக் கடிதம் வரும். இந்தத் தடவை அவர் வாசலில் நின்று கூப்பிடும் பெயர், வீட்டுப் பெண்ணின் பெயர். பாட்டி எழுந்து வருவதற்குள், அவளே ஓடி வந்து கையை நீட்டி வாங்கிக் கொள்வாள்.