அத்திப்பள்ளிக் கிடங்கும் பத்தாம் வகுப்பு வேதியியலும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வேதிவினைகளின் வகைகள்’ என்று ஒரு பாடம் உண்டு. சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என ஐந்து வகை. பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் மறந்துபோகிற அந்தப் பாடத்தை ஒரு விபத்து நினைவுபடுத்துகிறது. 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல், ஒசூர் எல்லையைத் தாண்டியதும் கர்நாடகத்தில் வருகிற அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கிடங்கில் லாரியிலிருந்து தீபாவளிப் பட்டாசு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அன்றே 14 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள். தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சீசன் வேலைக்கு வந்த இளைஞர்களே அதிகம். படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

விபத்து என்றதும் தீப்பொறி எங்கிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். தப்பிக்க ஏன் நேரமே கிடைக்கவில்லை என்பது அதைவிட முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சிதைவு வினையில் இருக்கிறது. விறகு எரிய வெளிக்காற்று வேண்டும். கதவைச் சாத்தினால் தீ மெல்ல அடங்கும். பட்டாசுக்கு அது தேவையில்லை. அதிலுள்ள வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், சூடேறியதும் சிதைந்து தானே ஆக்சிஜனை விடுகிறது. பக்கத்திலேயே கந்தகமும் கரித்தூளும் அலுமினியத் தூளும் இருக்கின்றன. எல்லாம் தூள் என்பதால் எரியும் பரப்பும் பல மடங்கு. ஒரு பெட்டி எரிந்த வெப்பம் அடுத்த பெட்டியின் உப்பைச் சிதைக்கும். அது அதற்கடுத்த பெட்டியை. மூடிய கிடங்கில் வாயுவும் வெப்பமும் வெளியேற வழியில்லாமல் வேகம் இன்னும் கூடும். சாக்குப் போட்டு மூடி அணைக்கப் பார்ப்பது வீண். ஓடுவது ஒன்றே வழி.

வேறு சில வகைகளுக்கும் பட்டாசோடு தொடர்பு உண்டு. கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடாகி நெஞ்சை எரிப்பது சேர்க்கை வினை. இரட்டை இடப்பெயர்ச்சிக்குப் பேரியம் குளோரைடையும் சோடியம் சல்பேட்டையும் கலந்து வெள்ளை வீழ்படிவு காட்டுவார்களே, அந்தப் பேரியம்தான் பச்சை நிற ஒளிக்காகப் பட்டாசில் சேர்க்கப்பட்டது. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நச்சு. பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிக்கு 1992 முதலே தடை. அந்தக் கலவைக்கு நெருப்பே வேண்டாம், உராய்வு போதும்.

இந்த வேதியியலை வைத்தே 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். நிரந்தரப் பட்டாசுக் கடை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும், அடித்தளத்தில் கூடாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அவசர வழி தனியாக வேண்டும். தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடைகளுக்கிடையே 3 மீட்டர் இடைவெளி வேண்டும். அவை ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு உரிமத்தைக் காட்டச் சொல்லும் தைரியம் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே பின்வாசல் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிடலாம். பின்வாசலில் பெட்டி அடுக்கியிருந்தால் அங்கே நிற்க வேண்டாம். இருப்பு அளவு மீறுவதாகத் தெரிந்தால் 112க்குச் சொல்லலாம்.

18 வயது நிரம்பாதவரைப் பட்டாசுக் கிடங்கில் வேலைக்கு வைப்பதே குற்றம். பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. புகாருக்கு 1098.

இனி பணம். இதைத்தான் ஊர்ப்பக்கம் யாரும் சரியாக விளக்குவதில்லை. அத்திப்பள்ளியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கர்நாடக அரசு 5 லட்சம், தமிழ்நாடு அரசு 3 லட்சம் அறிவித்தன. அது அரசின் நிவாரணம். முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு கணக்கு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதக் கூலியில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 20 வயதுக்கு அந்த எண் 224. மாதக் கூலி 12,000 என்றால் 6,000 பெருக்கல் 224, அதாவது 13,44,000 ரூபாய். கணக்கில் கொள்ளும் கூலிக்கு உச்சவரம்பு 15,000. தற்காலிக ஆள், பத்து நாள் ஆள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. இந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

சாவு வீட்டில் முதலாளியின் ஆள் வந்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். மரண இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதம் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். வழக்குக்காகப் பெங்களூருக்கு அலையவும் வேண்டாம். குடும்பம் குடியிருக்கும் ஊருக்கான ஆணையரிடமே மனுச் செய்யலாம்.

ஒரு சிக்கல் உண்டு. இறந்தவர் மணமாகாத மகன் என்றால், அவர் வருமானத்தை ஓரளவாவது நம்பியிருந்தோம் என்று பெற்றோர் காட்ட வேண்டியிருக்கும். அவர் வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு, கூகுள் பே பதிவு, மளிகைக் கடை நோட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகலும், என்ன கூலி என்று சொல்லக்கூடிய உடன் வேலை செய்தவரின் பெயரும் வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

1923 சட்டத்தில் மனுவுக்குக் கெடு, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தவறிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தை எழுதி மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். காரணம் போதுமானது என்று பட்டால் ஆணையர் ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.