மாவடியும் பள்ளியும்: இளவேனில் வழக்காறுகளின் உழைப்பு அடிப்படை

மாவடிப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்து நோக்குவோர்க்கு அதனுள் ஒரு மரமும் ஒரு தொழுகைத் தலமும் அருகருகே நிற்பது புலனாகும். மாவின் பூவும் குயிலின் குரலும் தமிழ்ச் செய்யுள் மரபில் இளவேனிலின் அடையாளங்கள். பள்ளியோ பிறை கண்டு மாதம் கணிக்கும் சமயத்தின் நிலையம்; அதன் ஆண்டில் இளவேனிலுக்கென ஒரு திருநாள் இல்லை. அவ்வாறாயின், கல்முனைக்கு அண்மையில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்கள் சூழ அமைந்த இவ்வூரின் முஸ்லிம் உழவர்க்குப் பருவத்தை வரவேற்கும் வழக்காறு எதுவும் இல்லையா? இவ்வினாவைச் சமய வேறுபாட்டின் அடிப்படையிலன்றி, உழைப்பின் அடிப்படையில் அணுகுவதே எமது நோக்கமாகும்.

தமிழிலக்கண மரபு பெரும்பொழுதை ஆறாக வகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலுக்கு உரியனவாகக் கூறும். ஐரோப்பிய இலக்கியங்களின் வழியே வசந்தத்தை அறிந்தோர் பனி உருகித் துளிர் அரும்புவதையே அதன் இயல்பாகக் கருதுவர். கிழக்கிலங்கையின் நிலைமை வேறு. இங்கு வடகீழ்ப் பருவமழையே ஆண்டின் அச்சாக உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்படும் பெரும்போக வேளாண்மை மாசி, பங்குனியில் அறுவடையாகும். எனவே இங்கு இளவேனிலின் வாயில் என்பது பசுமை பிறக்கும் காலமன்று. பசுமை நெல்லாக மாறிக் களத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட காலமாகும். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட அச்சிறு ஓய்விலேதான் வளவில் பயற்றை, வெண்டி, கத்தரி ஆகியவற்றுக்குப் பாத்தி கட்டவும், கெக்கரிக் கொடியைப் படரவிடவும், புத்தரிசியிற் பாற்சோறு ஆக்கவும் நேரம் கிடைக்கிறது. தோட்டமும் விருந்தும் அந்த ஓய்வின் விளைபொருள்களே.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது. ஆகவே முஸ்லிம்களின் பெருநாள்கள் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகின்றன. 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் சில நாள் இடைவெளியில் வந்தன. வட்டிலப்பமும் கொக்கிசும் அயல் வீடுகளுக்கிடையே ஒரே வாரத்திற் கைமாறக்கூடிய இத்தகைய நெருக்கம் மீண்டும் நேர ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். நெல்லோ அவ்வாறு காத்திருப்பதில்லை.

இம்முரண்பாடு மாவடிப்பள்ளிக்கு மட்டும் உரியதன்று. முகலாயப் பேரரசர் அக்பர் 1584 இல் சூரியக் கணிப்பை அடிப்படையாகக் கொண்ட இலாஹி ஆண்டினைப் புகுத்தினார். அறுவடையோடு பொருந்தாத சந்திர ஆண்டின்படி நிலவரி அறவிடுவதில் இருந்த இடர்ப்பாடு இத்தகைய மாற்றங்களுக்குப் பின்னணியாக இருந்தது. வரி கொள்வோர்க்குப் பயிரின் காலம் நன்கு தெரிந்திருந்தது என்பது மனங்கொளத்தக்கது. மறுபுறம் ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் இஸ்லாத்துக்கு முற்பட்ட நவ்ரோஸ் திருநாளை முஸ்லிம் மக்கள் இன்றும் மார்ச் 20 அல்லது 21 இல் கொண்டாடுகின்றனர். தானியத்தைத் தட்டில் முளைக்கவைத்து விருந்தின் நடுவே வைக்கின்றனர். சமயம் மாறிய பின்னரும் உற்பத்தியின் காலக்கணக்கு மாறாதிருந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

கிழக்கிலங்கையில் இக்காலக்கணக்கு பெருநாளாக உருப்பெறவில்லை. களத்து வழக்காறாக நிலைபெற்றது. சூடடிக்கும் களத்தில் நெல்லை நெல் என்னாது 'பொலி' என்றனர். கருவிகளுக்கும் மாடுகளுக்கும் களத்துக்கென வேறு பெயர்கள் இருந்தன. அன்றாடச் சொல்லைக் கேட்டால் பூதங்கள் விளைவைக் கவர்ந்து செல்லும் என்னும் அச்சம் இவ்வழக்கிற்கு விளக்கமாகக் கூறப்பட்டது. தமிழ் உழவரும் முஸ்லிம் உழவரும் இச்சொற்களைப் பொதுவாகவே கையாண்டனர். ஒருவர் பொங்கலிட்டு வணங்கிய இடத்தில் மற்றவர் துஆ ஓதிப் பாற்சோறு பகிர்ந்தனர். சடங்கின் மொழி வேறுபட்டது. அதனைத் தோற்றுவித்த அச்சமும் எதிர்பார்ப்பும் ஒன்றாகவே இருந்தன.

இவ்விடத்து இஸ்லாமியச் சட்டமரபின் ஒரு கூறு நமது கவனத்துக்குரியது. பணத்துக்கும் வணிகப் பொருளுக்கும் உரிய ஸகாத், சந்திர ஆண்டொன்று நிறைந்த பின்னரே கடமையாகும். விளைபொருளின் ஸகாத்தோ அறுவடையின்போதே கடமையாகிறது. மழையால் விளைந்ததிற் பத்திலொன்றும், உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதிலொன்றும் கொடுத்தல் வேண்டும். பிறையின் ஆட்சி களத்து வாயிலில் நின்றுவிடுகிறது என்பதையும், செலவிடப்பட்ட உழைப்புக்கு ஏற்பக் கடமை பாதியாகிறது என்பதையும் இவ்விதி ஒருங்கே உணர்த்துகின்றது. மாவடியும் பள்ளியும் சந்திக்கும் இடம் களமே.

அயலூராகிய காரைதீவில் வைகாசியில் நிகழும் கண்ணகி அம்மன் குளிர்த்தியையும் இவ்வாறே நோக்கலாம். வெயிலும் வெப்பு நோயும் மிகும் காலத்தில், சினந்த தெய்வத்தை நீரும் வேப்பிலையும் கொண்டு குளிர்விக்கும் சடங்கு அது. அதனோடு இணைந்த பொங்கல், அடுத்த மழை குறித்த வேண்டுதலுமாகும். இதனை வெறும் புறச்சமய எச்சமென ஒதுக்குவோரும் உண்டு. கடந்த அரைநூற்றாண்டில் முஸ்லிம் ஊர்களிலே கந்தூரி முதலியவை மார்க்கத்துக்குப் புறம்பானவை என மறுக்கப்பட்டதும் இதற்கு இணையானதே. மறுபுறம், இவற்றை இன ஒற்றுமையின் இனிய காட்சிகளாக மட்டும் போற்றுவோர் உளர். இரு சாராரும் காணத் தவறுவது, களத்தில் நின்றோர் அனைவரும் சமமானோர் அல்லர் என்பதையாகும்.

பாற்சோற்றைப் பகிர்ந்தோர் பொலியைச் சமமாகப் பகிரவில்லை. நிலமுடைய போடியார், வயலைப் பொறுப்பேற்ற முல்லைக்காரன், கூலிக்கு அறுத்தோர் என அங்கு வர்க்கப் படிநிலை இருந்தது. குத்தகை உழவரின் பாதுகாப்புக்காக 1958 இல் நெற்காணிச் சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்தமையே இதற்குச் சான்று. விருந்து அப்படிநிலையை ஒருநாள் மறைத்தது. அதே வேளை, விளைவில் தமக்கும் பங்குண்டு என்று உழைப்போர் உரிமையோடு நிற்கக்கூடிய நாளாகவும் அது இருந்தது. இவ்விரு தன்மையையும் ஒருசேரக் காண்பதே இயங்கியல் நோக்காகும்.

1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் நீர்ப்பாசனத் திட்டத்தினால் சிறுபோகம் விரிவுற்றது. இடைப்பட்ட ஓய்வு சுருங்கியது. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் சூட்டையும் களத்தையும் அகற்றின. அவற்றோடு களத்துச் சொற்களும் அருகின. கடும் உடலுழைப்பு குறைந்ததை நாம் வரவேற்கவே வேண்டும். ஆயின் அதனால் விடுபட்ட நேரம் கூலியாளரின் ஓய்வாகவோ தோட்டமாகவோ மாறவில்லை; அவர்க்கு அது வேலையின்மையாகவே வந்தது.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. 2022 ஜூனில், உணவு நெருக்கடியின் நடுவே, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை இசைந்தது. வளவும் கிணறும் மாதச் சம்பளமும் உடையோர்க்கு அது பயன்படலாம். நாட்கூலி பெறுவோர்க்குச் சம்பளத்துடன் கூடிய வெள்ளிக்கிழமை ஏது? மழையின் மறுமுகத்தையும் இவ்வூர் அறியும். 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்தது. பிள்ளைகள் பலர் மாண்டனர். பருவத்தைப் பாடுவோர் வீதியையும் வடிகாலையும் மறத்தல் தகாது.

ஆகவே, இளவேனில் வழக்காறுகளைச் சேகரிப்போர் பாடலோடும் பலகாரத்தோடும் நின்றுவிடலாகாது. நிலம் யாருடையது, நீர் யாருக்குத் திறக்கப்பட்டது, கூலி எவ்வளவு, அறுவடையின் பின் எவர் வீட்டு அடுப்பிற் பாற்சோறு வெந்தது என்பனவும் பதிவாதல் வேண்டும். களத்தில் வேலை செய்த முதிய உழவர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் சொற்களையும் கணக்குகளையும் ஒருங்கே கேட்டெழுதுதல் நமது ஆய்வாளர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.